நாற்பது குடம் தண்ணீர்

திறப்பு விழாச் செய்திக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதல் வரியில் எது திறக்கப்பட்டது, யாரால். அடுத்ததில் எந்த ஒதுக்கீட்டில். அதற்கடுத்ததில் எத்தனை குடும்பங்கள் பயன்பெறும். கடைசியில் பெருந்திரளானோர் கலந்துகொண்டனர் என்று ஒரு வரி. கண்டியிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிய இருபத்தாறு வருடங்களில் இந்த வார்ப்பில் எத்தனை எழுதியிருப்பேன் என்று தெரியாது. பஸ் தரிப்பிடங்கள், வாசிகசாலைகள், பாலர் பாடசாலைகள், பொது மலசலகூடங்கள், ஒரு முறை மயானத்துக்குப் போகும் படிக்கட்டு. அம்பிட்டியவில் என் வீட்டு மேசையில் கால் மணி நேரத்தில் எழுதி முடிப்பேன். பக்கம் மூடும் நேரத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், அழைப்பிதழை வைத்துக்கொண்டு விழாவுக்குப் போகும் முன்பே எழுதிவிடுவேன். திரும்பி வந்து பெயர்களைச் சரிபார்த்தால் போதும். எனக்குத் தெரிந்த பிராந்தியச் செய்தியாளர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள்.

அப்படி எழுதிய ஒரு செய்தியைப் பற்றித்தான் இது.

பன்வில பக்கமாக ஏறும் மலைகளில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் வரும் தேயிலைத் தோட்டம் அது. தோட்டத்தின் பெயரையும் பிரதேச சபையின் பெயரையும் எழுதவில்லை. ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயம். தண்ணீருக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பீலி இருந்தது. பாறையிடுக்கில் கசியும் தண்ணீரை ஒரு தகரத் தகட்டில் இறக்கி விட்டிருந்தார்கள். ஒரு குடம் நிறைய நாலைந்து நிமிடம் ஆகும். நிறைந்த குடத்தோடு ஏறி வர இன்னும் கொஞ்சம் கூட.

பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவு செய்ய முடியாது என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்தார்கள். சபை போட்ட தார் தோட்டத்து எல்லைக் கல்லோடு நின்றது, தெருவிளக்கும் அங்கேயே நின்றது. அந்தச் சட்டம் திருத்தப்பட்ட கையோடு அந்த லயத்துக்கு ஒரு குடிநீர்த் திட்டம் ஒதுக்கினார்கள். மேட்டில் ஒரு தாங்கி. காட்டோரத்து ஊற்றிலிருந்து தாங்கிக்கு ஒரு குழாய். தாங்கியிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குழாய். டிசம்பர் தொடங்கியபோது தாங்கி மேடையில் ஏறியிருந்தது. வீட்டுக் குழாய்களும் பொருத்தியாயிற்று. ஊற்று இருந்த காணி மட்டும் இன்னொரு கம்பனியின் குத்தகையில் இருந்தது. அந்தக் கம்பனியின் அனுமதிக் கடிதம் வரவில்லை. ஊற்றுக்கும் தாங்கிக்கும் நடுவே முந்நூறு யார் தூரம் குழாய் இல்லாமல் கிடந்தது.

அந்த வட்டாரத்துச் சபை உறுப்பினர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர், முதல் தடவையாகத் தெரிவானவர். வருட முடிவுக்குள் வேலை முடிந்ததாகக் காட்டாவிட்டால் ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பதை விளக்கினார். எனக்கு அது தெரியாத விஷயமல்ல.

"திரும்பிப் போனா நம்ம பக்கம் மறுபடி வராதுண்ணே. கடிதம் ஜனவரியில வந்துரும், நான் பேசிட்டேன். சபைத் தவிசாளர் வந்து ரிப்பன் வெட்டட்டும். நீங்க ஒரு படம் புடிச்சுப் போட்டீங்கன்னா சரி."

நான் அவரை நம்பினேன். அவரும் தன்னை நம்பினார் என்பதைச் சொல்ல வேண்டும்.

விழா பத்து மணிக்கு. நான் எட்டரைக்கே போய்விட்டேன். செய்தி ஏற்கெனவே எழுதியாகியிருந்தது. லயத்துக்குப் போகும் பாதை பீலிக்கு இறங்கும் தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகும். அந்த இடத்தில் மண் நனைந்து கறுத்திருந்தது. மழை பெய்து சில நாட்கள் ஆகியிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் குடத்தோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். தாங்கி மேடைக்கு ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் உச்சியில் ஒருவர் குனிந்து குடங்களை வாங்கி உள்ளே ஊற்றினார்.

உறுப்பினர் இதைச் செய்யச் சொல்லவில்லை. குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீர் விட்டால் தவிசாளர் திறக்கும்போது கொஞ்சம் சொட்டும், அது போதும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பெண்கள் ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் நிறைகுடம் வைத்து, மாலை கட்டி, பெரிய மனிதர்களை வரவழைத்துவிட்டு, நல்ல காரியத்தில் வெறும் குழாயைத் திறப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் மூத்த அம்மா ஒருவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு அடுப்பு பத்த வைக்காம இருப்போமா, ஐயா? எழுதுற ஆளு, நீங்களே சொல்லுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண், மாப்பிள்ளை தவிசாளரா தாங்கியா என்று கேட்டாள். ஐந்நூறு லீட்டர்த் தாங்கி. நாற்பது குடம் பிடித்தது என்று பிறகு சொன்னார்கள்.

அந்த நாற்பதில் அதிகம் சுமந்தவர் லயத்தின் கடைசி வீட்டுக்காரி. மெலிந்தவர், நாற்பதைத் தாண்டியிருப்பார், கொழுந்து எடுப்பவர். மற்றவர்கள் நின்று கதைத்தபோது அவர் நிற்கவில்லை. ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். வீட்டின் முன் இஸ்தோப்புத் திண்ணையைக் காட்டினார். அங்கே கதிரையில் ஒரு மனிதர் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர். தேயிலை ஃபெக்டரியில் இருபது வருடம் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் கண்டி ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அவரால் நடக்க முடியாது. லயத்து ஆண்கள் இருவர் அவரைக் கதிரையோடு பஸ் நிற்கும் இடம் வரை தூக்கிப் போவார்கள், மாலையில் திரும்பத் தூக்கி வருவார்கள். அவர்களுக்கு அந்த நாட்களில் வேலை போகும். எத்தனை நாளைக்குத் தூக்குவார்கள் என்பதுதான் அந்தப் பெண்ணின் கேள்வி. ஒரே மகள் கல்யாணமாகிக் கொழும்பில் இருந்தாள்.

வேறொரு வழி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, பையிலிருந்து மருந்துத் திரவத்தை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தரம், வீட்டிலேயே. இயந்திரம் வேண்டாம், பஸ் வேண்டாம், கதிரை தூக்க ஆள் வேண்டாம். ஆனால் வீட்டில் சுத்தமான ஒரு அறையும், கை கழுவ ஓடும் தண்ணீரும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி.

"அறை நான் செஞ்சிருவேன்" என்றார் அந்தப் பெண். "தண்ணிதான் இல்லாம இருந்துச்சு. சாமி கண்ணைத் தொறந்துட்டாரு."

ஊற்றிலிருந்து குழாய் இன்னும் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஜனவரியில் வரும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது.

தவிசாளர் வந்தார். ரிப்பன் வெட்டினார். எந்தக் குழாயைத் திறந்து படமெடுப்பது என்ற கேள்வி வந்தபோது, கடைசி வீட்டைச் சொன்னவன் நான். வீட்டு முகப்பில் ஒரு நோயாளி, அவருடைய கையில் விழும் தண்ணீர். அப்படி ஒரு படம் முன்பக்கத்துக்குக்கூடப் போகலாம். அவரைக் கதிரையோடு குழாயடிக்குத் தூக்கி வரச் செய்தேன். கையை நீட்டச் சொன்னேன். தவிசாளர் குழாயைத் திருகினார். தண்ணீர் பலமாக வந்து நோயாளியின் சட்டைக்கையை நனைத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் எடுத்தேன்.

பிறகு சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு சிங்களப் படிவத்தைக் கொண்டு வந்து, வந்தவர்கள் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு ஒருவர் வைத்தார்கள். கடைசி வீட்டுக்கு அந்தப் பெண் வைத்தார்.

'குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியபோது மக்கள் ஆரவாரம் செய்தனர்' என்று என் செய்தியில் இருந்தது. விழாவுக்கு முதல் நாள் எழுதிய வரி. வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். தண்ணீர் கொட்டியது, மக்கள் ஆரவாரம் செய்தார்கள். திருத்த ஒன்றுமில்லை. நனைந்த தடத்தையும் ஏணியையும் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒதுக்கீடு போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அது பொய்யான காரணமல்ல. மூன்றாம் பக்கத்தில் படத்தோடு வந்தது.

மறுநாள் பிற்பகல் தாங்கி வற்றியது.

ஜனவரியில் கடிதம் வரவில்லை. பெப்ரவரியில் உறுப்பினர், இன்னும் ஒரு கிழமை என்றார். பிறகு என் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். எனக்கும் வேறு திறப்பு விழாக்கள் இருந்தன.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் அம்பிட்டியவுக்கு என்னைத் தேடி வந்தார். கணவரை இயந்திரத்தில் போட்டிருந்தார்கள், நான்கு மணி நேரம் ஆகும், அதற்குள் பஸ் ஏறி வந்திருந்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பொலித்தீன் உறையிலிருந்து என் செய்தி நறுக்கை எடுத்து மேசையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் அதைக் காட்டியிருந்தார். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக ஒரு பிரதியை ஃபைலில் சேர்த்துக்கொண்டார்களாம். அடுத்த கிழமை வியாழக்கிழமை தாதி வீட்டைப் பார்க்க வருகிறார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் செய்தி எங்கெங்கே போயிருக்கிறது என்று விளங்கியது. நான் உடனே சொன்னேன், திட்டம் முடியவில்லை என்று நாளைக்கே எழுதுகிறேன், சபை பதில் சொல்லியாக வேண்டும் என்று. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எழுதாதீங்க ஐயா. கும்பிட்டுக் கேக்குறேன். எழுதினா மிஸ்ஸி மலை ஏறவே மாட்டாங்க. அன்னைக்கு ஒரு நாள் தண்ணி வந்தாப் போதும்."

அதற்குப் பிறகு என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் நான் தூக்கி ஊத்துறேன். தினம் ஊத்துறேன். பொறந்ததுல இருந்து தூக்குறதுதானே."

தேநீர் வைக்கச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமில்லை என்றார். போகும்போது, வியாழக்கிழமை நானும் அங்கே இருந்தால் நல்லது என்றார். படித்த ஆள் ஒருவர் கூட நின்றால் மிஸ்ஸிக்கு ஒரு நம்பிக்கை வரும். மிஸ்ஸி என்றுதான் தாதிகளை எல்லோரும் சொல்வார்கள்.

நான் எழுதவில்லை. கை கழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும், நாளைக்கு நான்கு தரம் என்றால் ஒரு குடம் போதாதா என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போதும் என்று வந்தது. அந்தக் கணக்கோடு வியாழக்கிழமை மலை ஏறினேன்.

பத்து நாட்களாக மழையில்லை. லயம் முழுவதும் அன்று அமைதியாக இருந்தது. பதினொரு வீட்டுக்காரர்களும் தங்கள் குழாய்களைத் தொடுவதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் திறந்துவிடாமல் குழாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். கடைசி வீட்டில் அறையைப் பார்த்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கூரைத் தூசி விழாமல் மேலே வெள்ளைப் பொலித்தீன் இழுத்துக் கட்டியிருந்தது. மேசையில் சலவை செய்த சீலை. குழாயின் கிளை ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே வந்திருந்தது, அதன் கீழே புதிய அலுமினியப் பேசின். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நிற்கும்போது இடுப்பில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்.

தாதி ஐம்பது வயதை நெருங்கியவர். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நடந்து வந்த மூச்சிரைப்பு அடங்கும் வரை இஸ்தோப்பில் நின்றார். குனிந்து சப்பாத்தைத் துடைத்தார். வெள்ளைச் சப்பாத்தின் ஓரத்தில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. அதை அவர் ஒரு கணம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அறையைச் சுற்றிப் பார்த்து, "நல்ல வடிவாச் செய்து வச்சிருக்கிறீங்கள்" என்றார். மனதாரத்தான் சொன்னார். குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. ஆஸ்பத்திரியில் படிப்பித்தபடி கை கழுவிக் காட்டச் சொன்னார். அந்தப் பெண் காட்டினார்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. ஒன்றையும் விடவில்லை. தாதி திருப்தியாகத் தலையாட்டினார். குழாயை மூட அந்தப் பெண் கை நீட்டியபோது, "இருக்கட்டும், விடுங்கோ" என்றார்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். கணவரிடம் பேசத் தொடங்கினார். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தூங்குகிறார், முன்பு என்ன வேலை. அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"இருவது வருசம் தேயிலையைக் காயப் போட்டேன், மிஸ்ஸி. இப்ப டாக்டர் என்னையக் காயப் போடுறாரு. ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணிதானாம்."

தாதி சிரித்தார். பேசினில் தண்ணீர் விழுந்து, அடியிலிருந்த துளை வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வாசற்படியில் நின்றார். கண் குழாயை விட்டு நகரவில்லை. வெளியே இரண்டு மூன்று பேர் சுவரோரமாக வந்து நின்றார்கள்.  தாதி மெதுவாக எழுதினார். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் திருப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயாதானே பேப்பரில எழுதினது? இதிலை எப்பவும் தண்ணி வருமோ?"

"திறந்த அன்றைக்கு வந்தது. நான் பார்த்தேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திரும்ப எழுதப் போனார்.

இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். தண்ணீரின் சத்தம் மாறியது. தடிப்பாக விழுந்தது நூலாயிற்று. நூல் அறுந்து அறுந்து விழுந்தது. குழாய்க்குள்ளிருந்து இரண்டு தடவை காற்று வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. தாதி பேனாவை மூடினார்.

"ஆர் சுமந்தது?"

"நான்தான் மிஸ்ஸி."

"எத்தினை குடம்?"

"இருவத்தி ரெண்டு. நாப்பது ஊத்தணும்னுதான் பாத்தேன். நேத்து அந்தியோட இடுப்பு விட்டுப்போச்சு."

தாதி எழுந்து போய் வற்றிய குழாயை மூடினார். அந்தப் பெண் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. தினமும் ஊற்றுவதாகச் சொன்னார். வேலைக்குப் போகாமல் ஊற்றுவதாகச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றுவதாகச் சொன்னார். உயிர் இருக்கும் வரை ஊற்றுவேன், எழுதிக் கொடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நீங்கள் ஊத்துவீங்கள் அம்மா. எனக்கு அதிலை சந்தேகமில்லை" என்றார் தாதி. "நீங்கள் காய்ச்சலிலை கிடக்கிற அண்டைக்கு ஆர் ஊத்திறது? ஒருக்கா கையில கிருமி இருந்தாப் போதும், வயித்துக்குள்ள போயிடும். இந்த வருத்தத்தை விட அது கெதியா ஆளைக் கொண்டு போயிடும். நான் எழுதித் தந்தா நான்தான் இவரைச் சாகடிச்சதா இருக்கும்."

குழாய் வந்தவுடன் சொல்லியனுப்பினால் அன்றைக்கே வருவதாகச் சொன்னார். அப்போது கணவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"குடத்துல மிச்சம் இருந்தா மிஸ்ஸிக்குத் தேத்தண்ணி ஊத்து. வெயில்ல ஏறி வந்திருக்காங்க."

இருந்தது. தாதி இஸ்தோப்பில் நின்று அதைக் கடைசி மிடறு வரை குடித்தார். நான் அவரோடு கீழே இறங்கினேன். பீலித் தடம் குறுக்கிடும் இடத்துக்கு வந்தோம். அங்கே, நனைந்த மண்ணைச் சுற்றிக் கால் வைத்தபடி சொன்னார்:

"நீங்கள் எழுதினதை நம்பித்தான் ஐயா இந்த மலை ஏறினனான்."

அன்றிரவே எழுதி அனுப்பினேன். திட்டத்தில் முந்நூறு யார் தூரத்துக்குக் குழாய் இல்லை, விழாவன்று ஓடியது மக்கள் சுமந்த தண்ணீர், அதை இந்தச் செய்தியாளன் அன்று எழுதத் தவறினான் என்று. செய்தி மேசையிலிருந்த இளைஞர் மறுநாள் அழைத்து, இது நாமே போட்ட செய்திக்கு எதிராக அல்லவா இருக்கிறது, ஆசிரியரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்றார். மூன்று கிழமை கிடந்தது. அதற்குள் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன. பக்கங்களில் வேறு எதற்கும் இடமில்லை. மே நடுவில், வாசகர் கடிதங்களுக்குக் கீழே ஏழு வரிகள் வந்தன. நான் எழுதத் தவறினேன் என்ற வரி அதில் இல்லை. உறுப்பினர் சில மாதங்களுக்குப் பிறகு என்னை அழைத்தார். நீங்களே இப்படிச் செய்யலாமா, அண்ணே என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

லயத்து ஆட்கள் ஏப்ரல் தொடக்கத்தில் தாங்களே கறுப்புக் குழாய்ச் சுருள் வாங்கி ஊற்றிலிருந்து இழுத்திருந்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. அனுமதியில்லாத குழாய் என்று மற்றக் கம்பனியின் காவல்காரர்கள் மறுநாள் அதை வெட்டிச் சுருட்டிக் கீழே எறிந்தார்கள்.

ஜூன் மாதம் சபை அலுவலகத்துக்குப் போனேன். அபிவிருத்திப் பகுதியில் இருந்த உத்தியோகத்தர் தமிழர், மரியாதையானவர். ஃபைலை எடுத்து எனக்கு முன்னால் விரித்தார். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அறிக்கை: ஓட்டம் பரீட்சிக்கப்பட்டது, திருப்தி. பன்னிரண்டு கையெழுத்துகள்: நாங்கள் வருகைப் பதிவு என்று நினைத்தது, திட்டத்தைப் பயனாளிகள் பொறுப்பேற்ற பத்திரம். மூன்றாவதாக என் செய்தி, படத்தோடு, ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி.

கம்பனிக்கு அனுமதி கேட்டுச் சபை ஒரு கடிதமாவது எழுதலாமே என்றேன்.

"முடிஞ்ச வேலைக்கு அனுமதி கேட்டு எப்படி எழுதுறது, சேர்?" என்றார். "திரும்பக் காசு ஒதுக்கவும் ஏலாது, அனுமதி கேக்கவும் ஏலாது. நீங்க எழுதினது பிழைன்னு ஒரு கடிதம் தாங்க. ஃபைல்ல போட்டு வைக்கிறேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். திகதி முத்திரை குத்தி, என் செய்திக்குப் பின்னால் செருகினார்.

ஜூலையில் மூன்று நாள் விடாமல் மழை. பஸ் பாதையில் மண் சரிந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஓடும் என்று தெரிந்து அந்தப் பெண்ணின் கணவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூச்சு முட்டத் தொடங்கியிருந்தது. எல்லைக் கல் வரை போயிருக்கிறார்கள். அங்கே இறக்கி வைத்தபோது உயிர் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கத்தில் சபையின் தார் தொடங்குகிறது.

எனக்குச் செய்தி பிந்தித்தான் கிடைத்தது. நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அறையில் வெள்ளைப் பொலித்தீன் அப்படியே இருந்தது. அலுமினியப் பேசினைக் கழற்றி அரிசி களையப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.  அந்தப் பெண்தான் முதலில் பேசினார். முப்பத்தோராம் நாளுக்குப் படம் வேண்டும் என்றார். நோய் வந்த பிறகு அவரை வேறு யாரும் படம் எடுக்கவில்லை. அடையாள அட்டைப் படம் இருபது வயதில் எடுத்தது, யாருக்கும் அடையாளம் தெரியாது.

"நீங்க எடுத்தது இருக்குல்ல ஐயா. அதுல சிரிச்சிக்கிட்டு இருப்பாரு."

இருந்தது. கண்டியில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவுக்கு அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தைக் கணினியில் திறந்து காட்டினார்கள். நடுவில் கதிரையில் கணவர், பக்கத்தில் குனிந்த தவிசாளர், குழாய், தண்ணீர், பின்னால் கைதட்டும் பெண்கள். கைதட்டுபவர்களில் அந்தப் பெண்ணும் இருந்தார். ஸ்டூடியோக்காரர் எது எது வேண்டும் என்று கேட்டார். கணவர் மட்டும் போதும் என்றார் அந்தப் பெண். குழாய் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தண்ணீருக்குள் அவருடைய கை இருந்ததால் மணிக்கட்டோடு வெட்ட வேண்டி வந்தது.

பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தில் அவர் நெஞ்சு வரை இருக்கிறார். வாய் விட்டுச் சிரிக்கிறார். வலது சட்டைக்கையின் ஓரம் நனைந்து கறுத்திருப்பது மட்டும் தெரிகிறது.